எண்பத்திரண்டு விநாடிகள்

2024 ஜூலை 10, மாலை ஏழு மணி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதியில் 230 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றில் பொருத்தியிருந்த லைட்னிங் அரெஸ்டர் பழுதானது. கம்பியில் மின்னல் பாய்ந்தால் அதைத் தரைக்கு இறக்கிவிட்டு மின்பாதையைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. காவலுக்கு வைத்த சாதனமே பழுதாகிவிட, கம்பியில் ஓட வேண்டிய மின்சாரம் தரைக்குள் இறங்கியது.

மின்துறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் பார்க்கும் பழுது. பாதுகாப்பு ரிலேக்கள் நொடியின் சிறு பங்குக்குள் பிரேக்கரைத் திறந்து பாதையைத் துண்டித்தன. சற்றுப் பொறுத்துத் தாமாகவே மீண்டும் இணைத்துப் பார்த்தன. இப்படி இணைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மரக்கிளை உரசுவது, பறவை மோதுவது, மின்னல் தாக்குவது போன்ற பழுதுகளில் பெரும்பாலானவை ஒரு முறை துண்டித்தாலே நீங்கிவிடும். இந்தப் பழுது நீங்கவில்லை. பாதையின் இரு முனைகளிலும் தானியங்கி அமைப்பு மாறி மாறி முயன்றது. 82 விநாடிகளில் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து எழுந்தது. பிறகு பாதை நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டது. மின்பாதையைப் பொறுத்தவரை எல்லாம் விதிப்படியே நடந்தது.

நடக்கக் கூடாதது வேறோர் இடத்தில் நடந்தது. அந்த 82 விநாடிகளுக்குள் சுமார் 60 தரவு மையங்கள் மின்தொகுப்பை விட்டுத் தாமாகவே விலகிக்கொண்டன. ஏறத்தாழ 1,500 மெகாவாட் சுமை ஒரேயடியாகக் காணாமல் போனது. கூடங்குளத்தின் ஓர் அணு உலை 1,000 மெகாவாட் திறன் கொண்டது; அதைப் போல ஒன்றரை உலை தரக்கூடிய மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மின்நிறுவனம் யாருடைய இணைப்பையும் துண்டிக்கவில்லை. முடிவெடுத்தவை அந்தக் கட்டடங்களுக்குள் இருந்த யுபிஎஸ் கருவிகள்.

ஏன் அப்படி முடிவெடுத்தன? சர்வருக்கு மின்சாரம் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் தடுமாறினாலும் ஆபத்து. ஆகவே தரவு மையத்தில் மின்தொகுப்புக்கும் சர்வருக்கும் நடுவே பேட்டரி காவல் நிற்கிறது. வோல்டேஜ் சரிந்தால் பேட்டரி தாங்கிக்கொள்ளும், சீரானதும் மின்தொகுப்புக்குத் திரும்பும். ஆனால் பல மையங்களில் இன்னொரு விதியும் எழுதப்பட்டிருக்கிறது: ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை வோல்டேஜ் சரிந்தால் வெளி மின்சாரத்தை இனி நம்பாதே, மாற்று மின்சாரத்துக்குப் போ, மனிதர் வந்து கையால் மாற்றும்வரை திரும்பாதே. தனி ஒரு கட்டடத்தைக் காக்க வேண்டிய பொறியாளர் எழுதியிருக்கக்கூடிய நியாயமான விதிதான் இது. பக்கத்துக் கட்டடத்துப் பொறியாளரும் இதையே எழுதியிருந்தார். அடுத்த கட்டடத்திலும் அப்படியே. அன்று வந்த சரிவுகளோ மூன்று அல்ல, ஆறு.

இனி மின்தொகுப்பின் பக்கமிருந்து பார்ப்போம். மின்சாரத்தைப் பெரிய அளவில் எளிதில் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியாவதும் செலவாவதும் சமமாக இருந்தாக வேண்டும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கையை விட்டால் இந்தப் பக்கம் இழுப்பவர்கள் பின்னால் சாய்வார்கள் அல்லவா, மின்நிலையங்களின் ஜெனரேட்டர்களுக்கும் சுமை திடீரென்று நீங்கினால் அதுதான் நேர்கிறது. எதிர்ப்புக் குறைந்த அவை கூடுதல் வேகத்தில் சுழலும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அதிர்வெண் அன்று 60.047 வரை ஏறியது. வட்டாரத்தில் மின்னழுத்தமும் வழக்கமான அளவுக்கு ஏழு சதவீதம் மேலே போனது. சுமை அதிகமுள்ள நேரத்தில் மின்னழுத்தம் சரியாமல் இருக்கச் சேர்த்து வைத்திருந்த கெபாசிட்டர் தொகுதிகளைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் விலக்கி நிலைமையைச் சரிசெய்தார்கள். விளக்குகள் அணையவில்லை. ஆனால் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மையைக் கண்காணிக்கும் நெர்க் அமைப்பு 2025 ஜனவரியில் இந்த நிகழ்வைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது.

அறிக்கை வெளியிடும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? நூறு ஆண்டுகளுக்கு மேலாக மின்பொறியாளர்கள் எந்த ஆபத்துக்குத் தயாராக இருந்தார்கள் என்று பாருங்கள். ஒரு பெரிய மின்நிலையம் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் கையிருப்பு உண்டு, திட்டம் உண்டு, பயிற்சி உண்டு. செலவு செய்பவர்கள் மொத்தமாக மறைந்துவிடுவார்கள் என்று யாரும் பெரிதாக அஞ்சியதில்லை. லட்சக்கணக்கான வீடுகள் ஒரே நொடியில் மிக்சியை நிறுத்துவதில்லை. ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் போடுவார். இந்தச் சிதறல்தான் மின்தொகுப்பின் பெரிய பலம். தரவு மையம் அந்தப் பலத்தைப் பறிக்கிறது. ஒரே மாதிரி கருவி, ஒரே மாதிரி மென்பொருள், ஒரே வட்டாரம், ஒரே நொடி.

தரவு மையங்களின் மின்பசி பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையைச் சொல்லி அச்சமூட்டுவார்கள். அந்தத் தொகையையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 ஏப்ரல் கணிப்புப்படி, 2024இல் உலகின் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின்செலவில் ஒன்றரை சதவீதம். 2030இல் இது 94,500 கோடி யூனிட் ஆகலாம். இன்று ஜப்பான் முழுவதும் செலவிடுவதைவிடச் சற்று அதிகம். அப்போதும் உலக அளவில் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். உலகத்தால் தாங்க முடியாத சுமை அல்ல இது. என் பார்வையில் சிக்கல் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தப் பளு உலகம் முழுதும் பரவி விழவில்லை. சில மாவட்டங்களின் தலையில், சில ஆண்டுகளுக்குள், மொத்தமாக இறங்குகிறது.

வடக்கு வர்ஜீனியாவின் லவுடன் மாவட்டம் அதற்கு முதல் சாட்சி. இணையத்தின் தொடக்கக் காலத்தில், 1990களின் முற்பகுதியில், வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகள் சந்தித்துத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு சந்திப்பு மையம் வாஷிங்டனின் புறநகரில் உருவானது. அதைச் சுற்றி ஒளியிழைக் கேபிள்கள் வந்தன. கேபிள்களைத் தேடி ஆஷ்பர்ன் என்ற ஊருக்குத் தரவு மையங்கள் வந்தன. மையங்கள் இருப்பதாலேயே மேலும் மையங்கள் வந்தன. விளைநிலங்கள் ஜன்னலற்ற கட்டடங்களாயின. 2022 கோடையில் அந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் டொமினியன் நிறுவனம், கிழக்கு லவுடனில் புதிய இணைப்புகளைக் கேட்டவுடன் கேட்ட அளவுக்குத் தர இயலாமல் போகலாம் என்று அறிவித்தது. மின்நிலையங்களில் மின்சாரம் இல்லாமல் போகவில்லை; அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கம்பிகளில் இடமில்லை. தரவு மையக் கட்டடம் இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுந்துவிடும். உயர் அழுத்த மின்பாதை ஒன்றுக்கு நிலம் பெற்று, அனுமதி பெற்று, கோபுரம் நட்டு முடிக்க அதைவிடப் பல ஆண்டுகள் ஆகும். இந்தக் கால இடைவெளியை எந்தப் பணத்தாலும் எளிதில் நிரப்ப முடியவில்லை.

அயர்லாந்தில் ஒரு நாடே லவுடனைப் போலாகிவிட்டது. 2015இல் அந்நாட்டின் மின்செலவில் தரவு மையங்களின் பங்கு 5 சதவீதம். 2023இல் 21 சதவீதம். நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து செலவிட்ட 18 சதவீதத்தை அது தாண்டிவிட்டது. டப்ளின் வட்டாரத்தில் புதிய மையங்களுக்கு இணைப்புத் தருவதை மின்தொகுப்பு நிறுவனம் ஏறக்குறைய நிறுத்தியே வைக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரும் 2019 முதல் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய மையங்களுக்கு அனுமதி தரவில்லை.

இந்த நிலை எப்போதும் இருந்ததல்ல. 2010க்கும் 2018க்கும் இடையில் உலகின் தரவு மையங்கள் செய்த கணக்கிடும் வேலை ஆறரை மடங்கானது. அவற்றின் மின்செலவு கூடியதோ வெறும் ஆறு சதவீதம். 2020இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த இந்த ஆய்வைப் படிக்கும்போது அந்தக் காலப் பொறியாளர்கள்மேல் மரியாதை வருகிறது. அலுவலகங்களின் மூலையில் பாதி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்த சர்வர்களை மூடி, வேலையைப் பெரிய மையங்களுக்கு மாற்றினார்கள். ஒரே இயந்திரத்தில் பல வாடிக்கையாளர்களின் வேலையைச் சேர்த்து ஓட்டினார்கள். குளிர்விப்பதற்கான செலவைச் சுருக்கினார்கள். ஒரு மையத்துக்குள் நுழையும் மொத்த மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் செலவிடும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணைப் பியுஇ என்பார்கள். ஒன்று என்றால் துளிகூட வீணில்லை. இரண்டு என்றால் கணினிக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட் ஏ.சி.க்கும் பிறவற்றுக்கும் போகிறது. கூகுளின் மையங்களில் இது சராசரியாக 1.1க்கு வந்துவிட்டது.

சிக்கனத்தின் எளிய வழிகள் அத்துடன் தீர்ந்தன. 1.1ஐ அதற்கு மேல் எவ்வளவுதான் குறைக்க முடியும்? சிப்பின் இயற்பியலும் கைவிட்டது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதன் மின்செலவும் அதே விகிதத்தில் குறையும் என்ற பொற்கால விதி 2005ஐ ஒட்டி முடிவுக்கு வந்திருந்தது. எட்டு ஆண்டுச் சிக்கனம் அந்த உண்மையை மறைத்து வைத்திருந்தது. பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. அமெரிக்கத் தரவு மையங்கள் 2014இல் செலவிட்டது 5,800 கோடி யூனிட். 2023இல் 17,600 கோடி. அந்நாட்டு மொத்தத்தில் 4.4 சதவீதம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணிப்புப்படி 2028இல் அது 6.7இலிருந்து 12 சதவீதம் வரை போகலாம். கணிப்பின் இரு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். எவ்வளவு தேவைப்படும் என்பது தெரியாமலேயே மின்நிலையம் கட்ட வேண்டியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் சிப்புகள் எந்த அளவுக்கு மாறுபட்டவை? சர்வர்கள் அடுக்கிய ஓர் அலமாரி முன்பெல்லாம் 5 முதல் 10 கிலோவாட் எடுக்கும். என்விடியாவின் 72 சிப்புகளைக் கொண்ட இன்றைய அலமாரி ஒன்று சுமார் 120 கிலோவாட் எடுக்கிறது. இது அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். அந்த வெப்பத்தைக் காற்றால் சுமக்க முடியாது. ஒரே கனஅளவில் நீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தை ஏற்கும் என்பதால் சிப்பின் தலைமேலேயே குளிர்நீர்க் குழாய் ஓடுகிறது.

வெப்பத்தைவிட மின்பொறியாளர்களை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. பெரிய மொழி மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்கும்போது பல ஆயிரம் சிப்புகள் ஒரே தாளத்தில் வேலை செய்கின்றன. எல்லாம் ஒன்றாகக் கணக்குப் போடும், பிறகு எல்லாம் ஒன்றாக நிறுத்தி, கிடைத்த விடைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும், மீண்டும் கணக்கு. கணக்குப் போடும்போது மின்செலவு உச்சிக்கு ஏறும், பகிரும்போது சரியும். மெட்டா நிறுவனம் 16,000 சிப்புகள் வரை கொண்டு தன் லாமா-3 மாதிரியைப் பயிற்றுவித்தது. அதைப் பற்றி 2024இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, மையத்தின் மின்செலவு ஒரே கணத்தில் பத்துகளில் எண்ணும் மெகாவாட் அளவுக்கு ஏறி இறங்கியதாகவும் அது மின்தொகுப்பின் எல்லையைச் சோதிப்பதாகவும் அதன் பொறியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரும்பு உருக்காலைகளின் மின்வில் உலைகளும் இப்படி ஏறி இறங்கும். ஏற்றத்தாழ்வைச் சமன் செய்ய, சும்மா இருக்கும் நொடிகளில் சிப்புகளுக்குப் பயனற்ற கணக்குகளைக் கொடுத்து மின்செலவை நிலையாக வைக்கும் வழிகூட இருக்கிறது. மின்சாரத்தை வேண்டுமென்றே வீணாக்கி மின்தொகுப்பைக் காப்பாற்றும் இந்த வழி எனக்கு வருத்தமளிக்கிறது. மின்வழங்கிக்குள்ளேயே ஆற்றலைச் சேமித்து ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொள்ளும் சாதனங்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. அதுவே நேரான வழி.

இத்தனைக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? அமெரிக்க நிறுவனங்கள் அணுசக்தியின் கதவைத் தட்டியிருக்கின்றன. பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டில் 1979இல் விபத்துக்குள்ளானது இரண்டாம் உலை. அதன் பக்கத்திலிருந்த முதல் உலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடி, லாபமில்லை என்று 2019இல் மூடப்பட்டது. 835 மெகாவாட் திறனுள்ள அந்த உலையை மீண்டும் இயக்கி, அதன் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு மைக்ரோசாஃப்டுக்குத் தர 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் ஆனது. சிறு அணு உலைகளைப் பற்றிய ஒப்பந்தங்களும் வரிசையாக வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 2030க்குப் பிறகே மின்சாரம் தரும். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் எரிவாயுவுக்குப் போகிறார்கள். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் தன் பிரம்மாண்டக் கணினிக்காக நகரும் எரிவாயு டர்பைன்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதனருகே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பாக்ஸ்டவுன் பகுதி, பல காலமாகத் தொழிற்சாலைப் புகையைச் சுவாசித்து வருவது. அங்கிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. 2025 ஜூலையில்தான் மாவட்டச் சுகாதாரத் துறை 15 டர்பைன்களுக்கு அனுமதி அளித்தது; டர்பைன்கள் ஓடத் தொடங்கியது அதற்கு வெகு முன்பே. கணினிக்கு அவசரம் என்றால் அந்த அவசரத்தின் புகை யார் மூக்கில் ஏறுகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கும் அப்படியே. வர்ஜீனியா உட்பட 13 மாநிலங்களின் மின்தொகுப்பை நடத்தும் பிஜேஎம் அமைப்பு, எதிர்கால உச்சத் தேவைக்கு மின்நிலையங்களை ஏலம் மூலம் முன்பதிவு செய்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 29 டாலராக இருந்த விலை 2024 ஜூலை ஏலத்தில் சுமார் 270 டாலர் ஆனது. அடுத்த ஆண்டு 329. பழைய மின்நிலையங்கள் மூடப்பட்டதும் விதிமாற்றங்களும் இதில் பங்கு வகித்தன. என்றாலும் தரவு மையங்களின் தேவையே முக்கியக் காரணம் என்று அந்தச் சந்தையின் கண்காணிப்பாளரே கூறியிருக்கிறார். ஏல விலை கடைசியில் வீட்டு மின்கட்டணத்தில்தான் வந்து சேர்கிறது. சர்வர் எதையும் வாடகைக்கு எடுக்காத ஓய்வூதியரும் அதற்குப் பங்கு கட்டுகிறார்.

வழி இருக்கிறது, அதைக் காட்டுவதும் பொறியியல்தான். மின்தொகுப்பு ஆண்டின் எல்லா மணி நேரமும் திணறுவதில்லை. கடும் கோடையின் சில மாலைகள், கடுங்குளிரின் சில காலைகள், திணறல் அவ்வளவுதான். மற்ற நேரங்களில் கம்பியிலும் மின்நிலையத்திலும் இடம் காலியாகவே கிடக்கிறது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 பிப்ரவரியில் ஒரு கணக்குப் போட்டார்கள். புதிய பெரிய சுமைகள் தங்கள் ஆண்டுத் தேவையில் கால் சதவீதத்தை மட்டும் நெருக்கடி நேரத்தில் விட்டுக்கொடுத்தால், அமெரிக்காவின் இப்போதைய மின்தொகுப்பே 76,000 மெகாவாட் புதிய சுமையை ஏற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. மருத்துவமனையின் பதிவேடு காத்திருக்க முடியாது. மாதக்கணக்கில் நடக்கும் மொழி மாதிரியின் பயிற்சி இரண்டு மணி நேரம் காத்திருக்கலாம். டெக்சாஸ் 2025 ஜூனில் இதைச் சட்டமாக்கியது: 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்கும் புதிய இணைப்புகள் நெருக்கடியின்போது சுமையைக் குறைக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஒஹையோவில் புதிய பெரிய தரவு மையங்கள் தாங்கள் கேட்டுப் பதிவு செய்த திறனில் 85 சதவீதத்துக்கு, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், 12 ஆண்டுகள் பணம் கட்ட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் தீர்ப்பளித்தது. ஊகத்துக்கு இணைப்புக் கேட்பவர்களை வடிகட்ட இதைவிட நல்ல சல்லடை நான் கண்டதில்லை. ஜூலை 10இன் சிக்கலுக்கும் தீர்வு கடினமானதல்ல: மூன்று சரிவுக்கே ஓடிவிடாமல் தாங்கி நிற்கவும், விலகியவை ஒரே நேரத்தில் அல்லாமல் படிப்படியாகத் திரும்பவும் யுபிஎஸ் விதிகளை மாற்றி எழுதினால் போதும். சூரிய மின்நிலையங்களும் காற்றாலைகளும் இப்படித் தாங்கி நிற்க வேண்டும் என்று பல நாடுகள் ஏற்கெனவே விதி வகுத்திருக்கின்றன.

இது தமிழ் வாசகருக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் என்பதால் மும்பைக்கு அடுத்து இந்தியாவின் பெரிய தரவு மைய நகரமாகச் சென்னை வளர்ந்திருக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அந்த ஜன்னலற்ற கட்டடங்களைப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 2021இல் தரவு மையங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அதே தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நமக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு: பகலில் வெயில், ஆனி ஆடியில் காற்று. அந்த நேரங்களுக்குத் தன் வேலையை நகர்த்திக்கொள்ளும் தரவு மையம் நம் மின்தொகுப்புக்குத் துணையாகும். கோடை இரவின் உச்சத்திலும் முழுப் பங்கையும் கேட்கும் மையம் பளுவாகும். எது வரப்போகிறது என்பது இணைப்புக் கொடுக்கும்போது போடும் நிபந்தனையில் இருக்கிறது. புதிய மையம் பற்றிய செய்தியில் எத்தனை ஆயிரம் கோடி முதலீடு என்று படித்ததும் நின்றுவிடாதீர்கள். எத்தனை மெகாவாட், எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து, புதிய மின்பாதைக்குச் செலவு யாருடையது, உச்ச நேரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். மின்கட்டணத்தை மாற்றும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போய் இந்தக் கேள்விகளை எழுத்து மூலமாகப் பதிவு செய்யுங்கள்.